கேட்டில் விட்ட பீடி

பட்டாசு மருந்து கலக்கும் அண்ணன்மார்களே, திரி வைக்கும் அக்காமார்களே!

1922-இல் நம் வட்டாரத்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதிலிருந்து நாட்டுக்கே தீக்குச்சி தருகிற பூமி இது. அந்தக் குச்சி ஒன்றுகூடப் பட்டாசு ஆலையின் கேட்டைத் தாண்டக் கூடாது!

பொது இடத்திலும் வேலையிடத்திலும் புகைக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். மற்ற ஊரில் அதோடு போகும். நம் வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலையில் போகுமா? அறையோடு ஆளும் போய்விடும். அதனால்தான் காலையில் சட்டைப்பையை உதறிக் காட்டிவிட்டு உள்ளே போகிறீர்கள்.

ஒன்றை உரக்கச் சொல்கிறேன். விபத்து என்றதும், "எவனாவது பீடி குடித்திருப்பான்" என்று செத்தவன் தலையில் பழியைப் போடாதீர்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு: உராய்ந்தால் வெடிக்கும் மருந்து. அளவுக்கு மேல் குவித்த சரக்கு. அனுமதித்ததற்கு மேல் அடைத்த ஆட்கள். 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம்: இரண்டு ஆலை வெடிவிபத்துகளையும் மறக்க முடியுமா? பையைத் தடவுகிற நிர்வாகம் அறைக்குள் தலையையும் எண்ணட்டும்.

அதற்காகப் பீடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உடம்பில் ஏறிய நிகோடின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். பிறகு மனம் அலையும், எரிச்சல் வரும். அலுமினியத் தூளை அள்ளுகிற கைக்கு அது ஆகுமா? சாயங்காலம் மருந்து படிந்த சட்டையோடு டீக்கடையில் பீடி பற்றவைப்பவரையும் பார்க்கிறோம். அண்ணே, கேட்டுக்கு வெளியே வந்தாலும் சட்டையில் மருந்து இருக்கிறதே! குளித்து, உடுப்பை மாற்றாமல் நெருப்புப் பக்கமே போகாதீர்கள்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை பீடி இல்லாமல் இருக்கிறீர்களே, மிச்சப் பொழுதும் உங்களால் முடியும். ஆனால் தனியாகப் போராட வேண்டாம். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் அரசின் ஆலோசகர்கள் பேசுவார்கள்.

முதலாளிமார்களே, "தீப்பெட்டி கொண்டு வராதே" என்ற பலகைக்குக் கீழே இந்த எண்ணையும் எழுதுங்கள். பீஸ் ரேட்டுக்குப் பயந்து ஓடுகிறவருக்குக் கூலி பிடிக்காமல் பத்து நிமிஷ ஓய்வு கொடுங்கள். ஆலோசனைக்கு ஆஸ்பத்திரி போகிற அன்று சம்பளத்தை வெட்டாதீர்கள். பையைச் சோதிக்க வாட்ச்மேன் போதும். பழக்கத்தை விடவைக்க நீங்கள் வேண்டும்.