பனி நாளும் 180 நாள் கணக்கும்

அமெரிக்காவுல குளிர்காலம் வந்தா, பெற்றோரோட போனுக்கு அதிகாலையில ஒரு செய்தி வரும்: “பனிப்புயல். இன்று பள்ளிக் கட்டடம் திறக்காது.” இப்போ பல ஊர்கள்ல கூடவே இன்னொரு வரியும் வருது: “வகுப்புகள் ஆன்லைனில் நடக்கும்.” இந்த இரண்டாவது வரியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

இதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. நியூயார்க், நியூஜெர்சி மாதிரி பல மாநிலங்கள்ல வருஷத்துக்கு 180 பள்ளி நாட்கள் காட்டணும். பனிக்காக மூடின நாளை ஜூன் மாசத்துலயோ, நடுவுல வர்ற விடுமுறையிலயோ ஈடுகட்டணும். கொரோனா காலத்துல பிள்ளைகள் கைக்கு லேப்டாப் வந்ததும், அந்த நாளை ஆன்லைன்லயே நடத்திக் கணக்குல சேர்த்துடலாம்னு கல்வி மாவட்டங்கள் யோசிச்சாங்க.

ஆனா விதி எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்லை. நியூயார்க் நகரம் 2020ல பனி விடுமுறையையே கைவிட்டது. பென்சில்வேனியாவுல, 2019ல வந்த சட்டப்படி, ஒப்புதல் வாங்கின பள்ளிகள் வருஷத்துக்கு 5 நாள் வரைக்கும் இப்படி நடத்தலாம். நியூஜெர்சியில ஒரு நாள் பனிக்கு ஆன்லைன் வகுப்பு நடத்தினா அது 180ல சேராது. அவசரநிலை அறிவிச்சு, தொடர்ந்து மூணு பள்ளி நாளுக்கு மேல மூடியிருந்தாதான் சேரும்.

2024 பிப்ரவரி 13 அன்று நியூயார்க்ல என்ன நடந்தது தெரியுமா? சுமார் 9 லட்சம் மாணவர்கள் இருக்கிற நகரம். காலையில எல்லாரும் ஒரே நேரத்துல லாகின் பண்ண, அந்த அமைப்பே திணறிப்போச்சு. பல பிள்ளைகளால வகுப்புக்குள்ளயே போக முடியலை.

லாகின் கோளாறைச் சரிபண்ணிடலாம். அதுக்கு மேல ஒரு கேள்வி இருக்கு. ஒண்ணாம் வகுப்புக் குழந்தை தானாத் திரை முன்னாடி உட்காராது. பக்கத்துல ஒரு பெரியவர் வேணும். அம்மா செவிலியர், அப்பா கடையில வேலைன்னா யார் உட்காருவாங்க? அந்த நாள் கணக்குல ஏறிடும், பாடம் மண்டையில ஏறுமா?

என் கருத்து இதுதான். ஒரு நாள் பனிக்குக் குழந்தையை விளையாட விட்டுடலாம். புயல், காட்டுத்தீன்னு வாரக்கணக்குல மூடினா ஆன்லைன் வகுப்பு கட்டாயம் வேணும். அந்த வகையில நியூஜெர்சி கோடு போட்ட இடம் சரி.

உங்க கல்வி வாரியக் கூட்டத்துல பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவாங்க. குளிர்காலத்துக்கு முன்னாடியே போய் மூணு கேள்வி கேளுங்க. இணைய வசதி இல்லாம வர முடியாத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடுவீங்களா? பள்ளியில மதியம் சாப்பிடுற பிள்ளைக்கு அன்னைக்குச் சாப்பாடு எப்படி? சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? மத்தவங்களுக்கு வகுப்பு நடந்தா, இந்தப் பிள்ளைகளுக்கும் உரிய கல்வி கிடைக்கணும்னு மத்திய அரசுச் சட்டமே சொல்லுது.

பதிலை எழுத்துல வாங்கிக்கங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.