பரிசு குறைந்த பண்டிகை



பண்டிகை என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோர்க்குக் கணக்கு. தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்மஸ் எதுவாயினும் இந்த இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நாளில் நடைபெறுகின்றன. கொண்டாட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கணக்கைப் பற்றித்தான் இன்று சிறிது பேச எண்ணுகிறேன். கையில் பணம் சுருங்கிய ஓராண்டில், பிள்ளைகளின் ஆசைகளுக்கு என்ன மறுமொழி சொன்னோம், அதில் எங்கே தவறினோம், எங்கே திருந்தினோம் என்பதே என் பேச்சு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறேன். தனியார் பள்ளியொன்றில் ஆசிரியன். சம்பளம் மாதச் செலவுக்குச் சரியாகும். பிள்ளைகளின் படிப்புக் கட்டணம், பண்டிகைச் செலவு, விருந்து, மருந்து ஆகிய அனைத்தும் எண்பது தென்னைகள் கொண்ட எங்கள் சிறு தோப்பிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. 45 நாளைக்கு ஒரு வெட்டு. ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும் வெட்டுக்குக் கிறிஸ்மஸ் வெட்டு என்றே எங்கள் வீட்டில் பெயர்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவு கடந்து, கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை ஏறியது. ஏறிய இடத்தோடு அது நின்றுவிடவில்லை. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஊடே மேற்கு நோக்கிச் சென்றது. கடலோரத்துக்குத்தான் புயல் என்று எண்ணியிருந்த எங்கள் ஊர்கள் வைகறையில் விழித்தபோது, தென்னையும் பலாவும் வாழையும் படுத்துக் கிடந்தன. எங்கள் தோப்பில் நின்றவை ஒன்பது மரங்கள். விழுந்த தென்னை ஒன்றுக்கு, அதனை வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து, 1,100 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. அது உதவிதான். ஆனால் இழந்தது மரத்தின் விலையன்று. மரம் தரும் காலம். நெட்டைத் தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அன்று என் மகனுக்கு வயது எட்டு. புதிய கன்று நன்றாகக் காய்க்கும்போது அவன் பத்தாம் வகுப்பில் இருப்பான்.

புயலுக்கும் கிறிஸ்மஸுக்கும் இடையே இருந்தவை 39 நாட்கள். மின்சாரம் வந்து சேரவே பல நாட்கள் ஆயின. கிணற்றில் நீர் இருந்தது, மோட்டார் ஓடவில்லை. இந்த நிலையில், புயலுக்கு முன்பே பிள்ளைகள் இருவரும் தங்கள் விருப்பத்தைச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படித்த மகளுக்குப் புதிய சைக்கிள். மகனுக்கு, தொலைவிலிருந்து விசையை அழுத்தினால் ஓடும் பாட்டரிக் கார்.

இங்கேதான் என் முதல் தவறு. மகன் காரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், "பார்க்கலாம்" என்றேன். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. உண்டு என்று சொல்லப் பணம் இல்லை. "பார்க்கலாம்" என்ற சொல் பெரியவர்கள் அகராதியில் "இல்லை" என்று பொருள்படும். குழந்தைகள் அகராதியில் அதற்கு "உண்டு, ஆனால் ஏதோ ஒன்று பாக்கியிருக்கிறது" என்று பொருள். அந்தப் பாக்கி என்ன என்று என் மகன் தானே ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

திடீரென்று அவன் மிக நல்லவனாக மாறினான். சொல்லாமலே குடத்தை எடுத்துச் சென்று கிணற்றடியில் நின்றான். விழுந்த மட்டைகளை இழுத்து அடுக்கினான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதினான். "கஷ்டம் வந்தால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது" என்று நான் பள்ளியில் நண்பர்களிடம் பெருமை பேசினேன். ஒரு நாள் மாலை அவன் தன் அப்பத்தாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்பத்தா, இன்னும் எத்தனை நாள் நல்ல பிள்ளையா இருந்தா கார் வரும்?"

கிறிஸ்மஸ் தாத்தா நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு தருவார் என்ற கதையை அவனுக்குச் சொன்னவன் நான்தான். செல்வம் உள்ள ஆண்டில் அது இனிய கதை. இல்லாத ஆண்டில் அதன் மறுபக்கம் புரண்டு வருகிறது. நல்ல பிள்ளைக்குப் பரிசு என்றால், பரிசு வராத பிள்ளை யார்? அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அந்த வீட்டுப் பையனுக்குக் கார் வரும். அப்படியானால் அவன் நல்லவன், என் மகன் கெட்டவனா? தோப்பு விழுந்ததற்குத் தான் தண்டனை பெறுவதாக ஒரு குழந்தை எண்ணுமானால், அந்தப் பிழை குழந்தையினுடையதன்று.

உண்மையில் அந்தத் தாத்தாவின் மூலக்கதை வேறு. இன்றைய துருக்கி நாட்டில் மீரா என்னும் நகரில், நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் நிக்கொலஸ். மூன்று பெண்களை மணமுடித்துக் கொடுக்க வழியின்றி ஒரு தந்தை வருந்தினார் என்றும், நிக்கொலஸ் இரவில் யாரும் அறியாமல் அந்த வீட்டுக்குள் பொன்முடிப்புகளைப் போட்டுச் சென்றார் என்றும் மரபுக்கதை கூறுகிறது. அந்தப் பெண்கள் நல்லவர்களா என்று அவர் தேர்வு நடத்தவில்லை. தேவை இருந்தது, கொடுத்தார். இந்தக் கதையை அன்றிரவு என் மகனுக்குச் சொன்னேன். பிறகு, "தோப்பு விழுந்துவிட்டது. இந்த ஆண்டு கார் வாங்க அப்பாவிடம் பணம் இல்லை. நீ எப்படி நடந்துகொண்டாலும் இதுதான் நிலை. நீ செய்த தவறு ஒன்றும் இல்லை" என்று தெளிவாகச் சொன்னேன். அவன் அழுதான். சிறிது நேரம் அழுதுவிட்டு உறங்கினான். மறுநாள் குடத்தை எடுக்கவில்லை. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

மகளின் செய்தி வேறு. அவள் சைக்கிளைப் பற்றிப் பேசவே இல்லை. "எவ்வளவு புரிந்துகொள்கிறாள்!" என்று மகிழ்ந்தேன். இது இரண்டாம் தவறு. அவள் கேட்காமலிருந்தது ஆசை அடங்கியதால் அன்று. கேட்டுப் பயனில்லை என்று முடிவு கட்டியதால். அவளுடைய தாய்தான் இதைக் கண்டுபிடித்தாள். பள்ளி இரண்டு மைல். பேருந்து தவறினால் நடை. அவள் கேட்ட சைக்கிள் பொம்மையன்று, கருவி. பிள்ளைகளின் ஆசைப் பட்டியலில் விளையாட்டும் தேவையும் ஒரே வரிசையில் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரே கத்தரியால் வெட்டுவது கணக்கு அன்று, சோம்பல்.

ஆகவே டிசம்பர் 2ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, கோயிலிலிருந்து வந்ததும் ஐவரும் திண்ணையில் அமர்ந்தோம். முந்திய ஆண்டுச் செலவை ஒரு தாளில் எழுதினேன். துணிமணி 6,000 ரூபாய். பரிசுப் பொருள் 4,000. பலகாரமும் விருந்தும் 2,500. விளக்கு, குடில், வெடி 1,500. ஆக 14,000. இந்த ஆண்டு கையில் உள்ளது 4,000. வெட்டுவதைப் பெரியவர்களிடமிருந்து தொடங்கினோம். எனக்கு வேட்டி சட்டை இல்லை. மனைவிக்குச் சேலை இல்லை. என் தாயார் தமக்கும் வேண்டா என்றார். பிறகுதான் பிள்ளைகளின் பக்கம் வந்தோம். தந்தை தன் பங்கைக் குறைக்காமல் பிள்ளையிடம் சிக்கனம் பேசினால், பிள்ளை அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ளாது.

பின்பு ஒவ்வொருவரும், "எது இல்லாவிட்டால் கிறிஸ்மஸ் கிறிஸ்மஸாக இராது?" என்று ஒன்றே ஒன்றைச் சொல்லவேண்டும் என்றேன். மகன் காரைச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன், "வாசலில் நட்சத்திரம், உள்ளே பல்பு எரியவேண்டும், மெழுகுவத்தி வேண்டாம்" என்றான். வாரக்கணக்கில் மெழுகுவத்தியிலேயே உண்டு, படித்து, உறங்கிய பிள்ளைக்கு அது பண்டிகைப் பொருளாகத் தோன்றவில்லை. மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு நாங்களே நட்சத்திரம் கட்டினோம். விழுந்த மரத்தின் ஓலையைக் கொண்டே குடில் வேய்ந்தோம்.

என் தாயார் சொன்னதுதான் எங்களைத் தடுத்து நிறுத்தியது. ஒவ்வோர் ஆண்டும் அக்கம்பக்கத்து இருபது வீடுகளுக்கு, இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி, பலகாரத் தட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். அவர்களும் தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அனுப்புவார்கள். இந்த முறை ஐந்து வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். "தட்டில குறை, வீட்டில குறைக்காதே" என்றார். ஆளுக்கு ஓர் அதிரசம், இரண்டு முறுக்கு. தட்டு இருபது வீட்டுக்கும் போயிற்று. எல்லார் வீட்டு ஓடும் பறந்திருந்த ஆண்டில், தட்டின் கனத்தை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

சைக்கிளுக்கு வருகிறேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றதை உங்கள் பெற்றோர் அறிந்திருப்பர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்கவேண்டும் என்று ஊக்கமளித்தார். பல்லாயிரம் கிராமப் பெண்கள் கற்றார்கள். அவர்களுள் ஒருத்தி என் தமக்கை. அவள் ஓட்டிய சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் இரண்டு சக்கரமும் காற்றின்றித் தொங்கிக் கிடந்தது. புது டயரும் டியூபும், பிரேக் கட்டை, சங்கிலி, வண்ணப்பூச்சு எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ஆயிற்று. எங்கள் நாலாயிரத்தில் பெருந்துண்டு அதற்கே சென்றது.

இதைக் கண்டதும் மகள் துள்ளிக் குதித்தாள் என்று நான் சொன்னால் அது பொய். "பழசு" என்றாள். ஒரு வாரம் தொடவில்லை. நான் கோபிக்க இருந்தேன், மனைவி தடுத்தாள். புதியதை விரும்பிய பிள்ளைக்குப் பழையதைக் கொடுத்துவிட்டு, உடனே நன்றியையும் கேட்பது இரட்டைக் கடன் வசூல். சனவரியில் அத்தை வந்தாள். தான் முதன்முதலில் அதில் ஏறியபோது தெருவில் யார் யார் சிரித்தார்கள், எந்த வாய்க்காலில் விழுந்தாள் என்றெல்லாம் சொன்னாள். மறுநாள் மகள் அதில் பள்ளிக்குப் போனாள். கதையாலா, பேருந்து தவறியதாலா என்று நான் கேட்கவில்லை.

மகனுக்கு ஒரு மண் உண்டியல் வாங்கினோம். அவன் விரும்பிய காரின் விலை 900 ரூபாய். வாரம் 20 ரூபாய் போட்டால் 45 வாரம். "பார்க்கலாம்" என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு தேதி கிடைத்தது. குழந்தைக்குக் காத்திருக்கத் தெரியாது என்பர். எதுவரை என்று சொன்னால் அதுவும் காத்திருக்கும். 2019 அக்டோபர் நடுவில் உண்டியலை உடைத்து எண்ணினான். பிறகு, கார் வேண்டா, கால்பந்து வாங்கலாம் என்றான்! எஞ்சியதைப் புதிய உண்டியலில் போட்டான்.

பரிசைக் குறைப்பது ஏழைகள் மட்டும் எண்ணும் எண்ணம் என்று கருதவேண்டா. 1912இல் நியூயார்க் நகரில், பயனற்ற பரிசளிப்பைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. கடைகளில் வேலை செய்த பெண்கள், தங்கள் சொற்பக் கூலியிலிருந்து மேலதிகாரிகளுக்குக் கிறிஸ்மஸ் பரிசு கொடுத்தே தீரவேண்டியிருந்த வழக்கத்தை எதிர்த்து எழுந்தது அது. அமெரிக்க முன்னாள் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அதில் சேர்ந்தார். அன்பினால் கொடுப்பதை அவர்கள் தடுக்கவில்லை. அச்சத்தினாலும் போட்டியினாலும் கொடுப்பதையே தடுத்தார்கள். அந்த வேறுபாட்டை நாமும் மனத்திற் கொள்வது நல்லது.

மாணவ நண்பர்களே, பெற்றோர்க்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு இரண்டே சொற்கள். ஒன்றைக் கேட்கும்போது, அது ஏன் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொம்மைக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். இல்லை என்றால், ஊமையாகிவிடாதீர்கள். எப்போது என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உண்மையைச் சொல்ல எங்களுக்குக் கடமை உண்டு. இந்த இரண்டும் இருக்கும் வீட்டில், பரிசு குறைந்தாலும் பண்டிகை குறைவதில்லை.

2019இல் மழை கண்டு வைத்த கன்றுகளில் சில பாளை விட்டிருக்கின்றன. கிறிஸ்மஸ் வெட்டு என்று சொல்லும் அளவுக்கு இன்னும் காய் இல்லை. ஆயினும் எங்கள் வீட்டுத் தட்டு இருபது வீட்டுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.