அருட்சகோதரி தேயா போமன்



தந்தையார் மருத்துவர், தாயார் ஆசிரியை. ஆயினும் கறுப்பின மக்களுக்கெனப் பிரித்து வைக்கப்பட்ட பள்ளியில் ஐந்தாம் வகுப்பை எட்டியும் அம்மகளுக்குச் சரிவர வாசிக்க வரவில்லை. சேரிப் பள்ளிகளைக் கண்ட நமக்கு இது வியப்பன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1937-இல் பிறந்த தேயா போமனையே குறிப்பிடுகின்றோம். அவர்தம் பாட்டனாரோ அடிமையாகப் பிறந்தவர்.

கான்டன் நகரில் பிரான்சிஸ்கன் சகோதரிகள் நடத்திய பள்ளியிலேதான் எழுத்து அவருக்குக் கைவந்தது. பதினைந்தாம் வயதில் அச்சபையிலேயே சேர்ந்தார். வெள்ளையர் நடுவே ஒரே கறுப்பினப் பெண்! 1972-இல் முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் கற்பித்தார். மறைவதற்கு ஓராண்டு முன்னர், 1989-இல், புற்றுநோயுற்றுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, கறுப்பராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பதன் பொருளை ஆயர்கள் பேரவையிலே எடுத்துரைத்தார். ஈற்றில் ஆயர்களை எழுப்பி, கைகோத்துத் தம்மோடு பாடச் செய்தார்.