ரீச்சர் எங்களை மறக்கவில்லை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் எமது வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் கணித ரீச்சரைப் பற்றி, அவருடைய சம்மதத்துடன் பேசுகிறோம். இடாப்பைப் பார்க்காமலே நாற்பது பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லுபவர் அவர். ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனபோது எங்களில் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, ஓயாத விக்கல், பேச்சில் தடுமாற்றம். "வயது போனால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அது எங்கள் பிழை.

அடுத்த கிழமை எங்களுடன் வந்த தாதியான தோழி, "ரீச்சர், ரெண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மேலே நிமிர்த்துங்கோ" என்றாள். நிமிர்த்திய கைகள் நிற்கவில்லை. பறவை சிறகடிப்பதுபோல் விழுந்து விழுந்து எழுந்தன. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். குருதிப் பரிசோதனையில் சிறுநீரகங்கள் செயலிழந்தமை தெரிந்தது.

சிறுநீரகம் வடிக்காமல் விடும் யூரியா முதலான கழிவுகள் குருதியில் தேங்கும்போது மூளையும் மயங்குகிறது. முதலில் கவனம் குறையும். பின்பு மறதி, குழப்பம், தசைத்துடிப்பு. கடைசியில் வலிப்பும் நினைவிழப்பும் வரலாம். முதுமை மறதி மெல்ல மெல்ல வருடக்கணக்கில் வளர்வது. நாட்களிலோ கிழமைகளிலோ வரும் குழப்பத்துக்கு வேறு காரணம் தேடவேண்டும். அது பேயுமல்ல, பைத்தியமுமல்ல.

குருதிச் சுத்திகரிப்புத் தொடங்கிச் சில கிழமைகளில் ரீச்சர் எங்கள் பெயர்களைச் சொன்னார். மனம் திரும்பியது, சிறுநீரகம் திரும்பவில்லை. இன்றும் கிழமைக்கு இரண்டு தடவை இயந்திரத்தோடு இருக்கிறார். நீண்டகால நீரிழிவும், முழங்கால் நோவுக்கு வைத்தியரைக் கேளாமல் வாங்கி விழுங்கிய மாத்திரைகளும் சேர்ந்து செய்த வேலை என்றார்கள்.

சகோதரிகளே, நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ உள்ளவர்கள் வருடம் ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமினையும் குருதியில் கிறியேற்றினினையும் பரிசோதியுங்கள். நோ மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சிறுநீரக நோயாளருக்குத் தமரத்தங்காய் கொடுக்கவே வேண்டாம். சிங்களத்தில் காமரங்கா என்பது அதுதான். அதிலுள்ள நச்சு அவர்களின் மூளையைத் தாக்கும், உயிருக்கும் ஆபத்து.

ரீச்சர் எங்களை மறக்கவில்லை; நோய்தான் மறைத்தது. உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தவர் திடீரெனத் தடுமாறினால், எங்களைப்போல் ஒரு கிழமை காத்திராதீர்கள்.