கண்ணாடியில் ஒரு கிழவி!

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியது)



"வயசுல மூத்தவங்க, ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்க"ன்னு கூப்பிட்டாங்க. நான் புத்தி கெட்டுப்போன கதையைத்தான் சொல்லப் போறேன்.

நாற்பது வயசுல நாய்க்குணம்னு பெரியவங்க சொல்வாங்க. எனக்கு அதோட வெள்ளெழுத்தும் சேர்ந்து வந்துச்சு. ஊசியில நூல் கோக்க முடியல. "ஊசிக்காதைச் சின்னதாக்கிட்டாங்க"ன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போனேன். அறுபது தாண்டினதும் எல்லாமே புகைமூட்டமாத் தெரிஞ்சது. அடுப்புப் புகைன்னு நெனச்சேன். கேஸ் அடுப்புல ஏதுங்க புகை?

ஒரு நாள் காபியில சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேன். மருமகள் ஒரு வாய் குடிச்சா. "என்னம்மா, இனிப்பு கூடிப்போச்சா?"ன்னேன். "இல்லத்தே, அளவா இருக்கு"ன்னா. பாவம், என் வாய்க்குப் பயந்து உப்புக் காபியைக் குடிச்ச பொண்ணு!

வீட்டோட போயிருந்தா சிரிச்சிட்டு விட்டிருக்கலாம். ஆனா நான் குழுவுக்குப் பொருளாளர். ஒரு வாரம் கணக்குல 180 ரூபாய் குறைஞ்சது. என் பக்கத்துல உட்கார்ந்து பணம் எண்ணின சின்னப் பொண்ணை எல்லாரும் பார்த்தாங்க. "நல்லா யோசிச்சுப் பாரும்மா"ன்னு நானும் ஒரு வார்த்தை சொன்னேன். அது அழுதுகிட்டே எழுந்து போயிடுச்சு.

மறுநாள் காலையில இன்னொரு உறுப்பினர் வந்தாங்க. "அக்கா, மீதி 20 ரூபாய்க்கு 200 ரூபாய் நோட்டைக் குடுத்துட்டீங்க"ன்னு நீட்டினாங்க. 2017-ல வந்த 200 ரூபாய் நோட்டு மஞ்சள். 2019-ல வந்த 20 ரூபாய் நோட்டும் பச்சை கலந்த மஞ்சள். என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

குறை என் கண்ணுல. பழி அந்தப் பொண்ணு மேல. கண்ணு தெரியலன்னு சொன்னா பெட்டிச் சாவியை வாங்கிடுவாங்கன்னு பயந்து மறைச்சதோட பலன் இது. அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க பெரியம்மா"ன்னு அவளே என்னைக் கூட்டிட்டுப் போனா.

அரசு ஆஸ்பத்திரியில பார்த்துட்டு, "கண்புரை, ஆபரேஷன் பண்ணணும்"னாங்க. சொட்டு மருந்துக்கும் கண்ணாடிக்கும் புரை கரையாதாம். "புரை முத்தட்டும்"னு நம்ம ஊர்ல சொல்வோமே, அதெல்லாம் பழைய காலம். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலா இருந்தா காத்திருக்க வேண்டியதில்லைன்னு டாக்டர் சொன்னார். கண்ணுக்குள்ள லென்ஸ் வெச்சாங்க. அரை மணிகூட ஆகல. காசு செலவும் இல்ல.

கட்டுப் பிரிச்சதும் கண்ணாடியைப் பார்த்தேன். "யாரு இந்தக் கிழவி?"ன்னு கேட்டேன். வீட்டுக்கு வந்தா மூலைக்கு மூலை ஒட்டடை. மருமகளைத் திட்ட வாயெடுத்தேன். அஞ்சு வருஷமா அந்தப் பக்கம் பெருக்கினது நான்தான்னு ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

சகோதரிகளே, முடி நரைக்கிறது வயசு. கண்ணு மறைக்கிறது நோய். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. கண்ணுல தேனோ, வெங்காயச் சாறோ, தாய்ப்பாலோ விடாதீங்க. சர்க்கரை நோய் இருக்கிறவங்க பார்வை நல்லா இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டணும். அது வலி இல்லாமலே உள்ளுக்குள்ள கெடுக்கும்.

எங்க குழுவுல ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். நாற்பது தாண்டின எல்லாரும் கண் பரிசோதனை செய்யணும். ஆபரேஷன்னா துணைக்கு ஒரு உறுப்பினர் போகணும். கண்ணு சரியாகிற வரைக்கும் பொறுப்பை வேற ஒருத்தர் பார்த்துக்கணும், பதவியைப் பறிக்கக் கூடாது. உங்க குழுவுலயும் இதை எழுதுங்க.

பெட்டிச் சாவி இப்பவும் என்கிட்டதான் இருக்கு. பணம் எண்ண அந்தப் பொண்ணுதான் பக்கத்துல உட்கார்றா. காபி மட்டும் மருமகளே போட்டுக்கறேன்னுட்டா!