மன்னித்துவிட்டோம், கணக்கைக் கொடுங்கள்

(பழையசீவரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்து நிற்கும் தம்பிகளே, மேடையில் அமர்ந்திருக்கும் சாமியார் அவர்களே, நெற்றியில் திருமண்ணோடு முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஐயா அவர்களே!

விசுவாசமும் மன்னிப்பும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் என்று நினைத்துச் சிலர் பின்னால் டீக்கடைப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள். வாருங்கள், முன்னால் வாருங்கள். நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. வழக்குப் பேச வந்திருக்கிறேன்.

இது எந்த ஊர்? மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு வந்து மலையேறும் ஊர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். எதிர்க்கரையில் திருமுக்கூடல். அங்கே கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறதே, போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பதினைந்து படுக்கை போட்ட ஆஸ்பத்திரி. அதற்கு ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஓர் ஆள், மூலிகை பறித்து வர ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், யார் யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறான். ஆயிரம் வருஷம் ஆகப்போகிறது. இரக்கத்தைக்கூட எழுத்தில் வைத்த மண் இது! இந்தக் கரையில் நின்று பேசாமல் வேறு எங்கே போய்ப் பேசுவது?

நம் ஜனங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கல்குவாரியில் நம் பிள்ளைகள். செங்கல் சூளையில் நம் பிள்ளைகள். ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு விடிகாலை வேன் ஏறுவதும் நம் பிள்ளைகள். பாலாற்றில் மணல் போச்சு, தண்ணீர் போச்சு, அதை நம்பியிருந்த கூலி வேலையும் போச்சு. இத்தனையும் போன ஜனங்களைப் பார்த்து மேடைக்கு மேடை எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: மன்னியுங்கள், மறந்துவிடுங்கள். ஏனய்யா, மன்னிப்புக்கும் எங்கள் தெருவில்தான் வந்து வசூல் பண்ணுவீர்களா? செய்தவன் தெருவில் போய் ஒருவராவது கேட்டிருக்கிறீர்களா?

கை தட்டாதீர்கள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

எனக்கு ஓர் உபதேசியாரைத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அவரிடம் ஒரு பழைய சைக்கிள். சாமியார் வர முடியாத ஊர்களுக்கெல்லாம் அதை மிதித்துப் போய் ஜெபம் சொல்லிக்கொடுப்பார். சாவு வீட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பார். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இலங்கைக்குப் போவோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு. அது எப்பேர்ப்பட்ட கோயில்! செவ்வாய்க்கிழமையானால் இந்துவும் பௌத்தரும் முஸ்லிமும் மெழுகுதிரி ஏற்றுகிற கோயில். அங்கே குண்டு. நீர்கொழும்புப் பக்கம் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலில் குண்டு. மட்டக்களப்பு சீயோன் சபையில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் போய்விட்டார்கள். ஓட்டல்களையும் சேர்த்தால் 260 உயிருக்கு மேல். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கு மேல். வெள்ளைச் சட்டை, புதுப் பாவாடை, பூசைக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அந்தக் கோயிலில் உயிர்த்த இயேசுவின் சுரூபம் ஒன்று. அதன் மேல் ஜனங்களின் ரத்தம் தெறித்தது. அவர்கள் அதைக் கழுவவில்லை. வெள்ளைச் சுரூபம், மேலெல்லாம் காய்ந்த ரத்தப் பொட்டு, அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் உயிர்த்த ஞாயிறு. கொரோனா ஊரடங்கு. கோயிலில் ஜனமில்லை. தொலைக்காட்சியில் பூசை வைத்த கர்தினால் மல்கம் ரஞ்சித், எங்களை அழிக்க வந்தவர்களை மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தார். உலகமே பாராட்டியது. அடடா, கிறிஸ்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அரசியல்வாதிகளுக்கு நிம்மதி. மன்னித்தாகிவிட்டது, கோப்பை மூடிவிடலாம் என்று நினைத்தார்கள்.

மூட விட்டாரா? 2021 மார்ச் 7ஆம் தேதியைக் கருப்பு ஞாயிறு என்று சொல்லி, ஜனங்கள் கருப்பு உடுத்திக் கோயில் வாசலில் நின்றார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததே, யார் தூங்கினீர்கள், ஏன் தூங்கினீர்கள், சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கோர்ட்டுக்கும் போயிருந்தார்கள். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? குண்டு வெடித்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தன் கையிலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றது. நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவரையே! குண்டு வைத்தவனை மன்னித்த அதே வாய்தான் ஜனாதிபதியிடம் கணக்குக் கேட்டது. இப்போது தட்டுங்கள்!

தாய்மார்கள் பக்கம் ஏன் இவ்வளவு அமைதி? உங்களுக்கென்றே ஒன்று சொல்கிறேன். குழு லோன் எடுத்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். வாரம் தவறினால் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறானே, அதுவும் தெரியும். கேரளத்தில் புல்லுவழி என்ற ஊரிலிருந்து ஒரு பெண் கன்னியாஸ்திரியாகி மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். பேர் ராணி மரியா. இந்தூர் பக்கம் உதய்நகரில் ஆதிவாசிகள் வட்டிக்காரனிடம் நிலத்தையும் மாட்டையும் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவர்களைச் சேர்த்துச் சேமிக்க வைத்தார். பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். கணக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார். இதுதான் அந்தம்மா செய்த குற்றம். 1995 பிப்ரவரி 25. ஓடுகிற பஸ்ஸில், ஜனங்கள் பார்க்கப் பார்க்கக் கத்தியால் குத்தினான் ஒருவன். உடம்பில் 54 காயம். ஏவிவிட்டவர்கள் வேறு ஆட்கள். குத்தியவன் சமுந்தர் சிங் என்ற இளைஞன்.

ஜெயிலில் அவன் தன்னை ஏவிவிட்டவர்களைப் பழி வாங்கும் நினைப்போடு கிடந்தான். 2002இல் ரக்ஷா பந்தன் சமயம். ராணி மரியாவின் சொந்தத் தங்கை செல்மி, அவரும் கன்னியாஸ்திரி, ஜெயிலுக்குப் போய் அவன் கையில் ராக்கி கட்டினார். அக்காவைக் குத்திய கை! கட்டி, நீ என் சகோதரன் என்றார். குடும்பமே மனுக் கொடுத்து 2006இல் அவனை வெளியே கொண்டுவந்தது. அவன் புல்லுவழிக்குப் போனான். வயதான தாய் ஏலிஸ்வா அவன் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார். என் மகள் ரத்தம் பட்ட கை இது என்பதால் முத்தமிடுகிறேன் என்றார்.

எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஒரு நிமிஷம்.

2017 நவம்பர் 4, இந்தூரில் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் குடும்பம் மன்னித்தது. மன்னித்ததால் வட்டிக்காரன் செய்தது சரியாகிவிட்டதா? ஆதிவாசிப் பெண்களைப் பார்த்து, போனதெல்லாம் போகட்டும், மறுபடி வட்டிக்குப் போங்கள் என்று யாராவது சொன்னார்களா? குத்தியவனைத் தூக்கி நிறுத்தினார்கள், வட்டிக்காரனுக்கு வழி விடவில்லை.

இங்கிருந்து பஸ் ஏறினால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. 919, 921ஆம் வருஷங்கள். பெரிய பெரிய தலைவர்களெல்லாம் பார்லிமென்டில் பெருமையாகச் சொல்கிறார்கள். நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அதில் எழுதியிருப்பதை முழுசாகச் சொல்ல வேண்டும். குடத்தில் ஒருவன் பேரோலை போட்டு வாரியத்துக்கு எடுக்க வேண்டுமானால், வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம். சொந்த மனையில் வீடு. வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குடத்தில் என் பாட்டன் ஓலை விழுந்திருக்குமா? உங்கள் பாட்டன் ஓலை விழுந்திருக்குமா? ஐயா முன்வரிசையில் தலையாட்டுகிறார், நியாயஸ்தர், வணங்குகிறேன் ஐயா.

குடத்தில் நம் ஓலை விழாவிட்டாலும் அந்தக் கல்லிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வரி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரை எழுதக் கூடாது. அவன் மட்டுமா? அவன் சொந்தக்காரன் பேரையும் எழுதக் கூடாது. இன்னும் கேளுங்கள். சில பாவங்களைச் செய்துவிட்டுப் பிராயச்சித்தமும் பண்ணிச் சுத்தமானவன் இருக்கிறானே, அவன் பேரும் ஆயுசு உள்ளவரை குடத்துக்குள் வரக் கூடாது. பாவம் தீர்ந்தது சரி, பதவி கிடையாது! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் நம் மாவட்டத்தில் எழுதி வைத்திருக்கிறான்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிலர் இருக்கிறார்கள். பேர் வேண்டாம். இங்கே வந்திருக்க மாட்டார்கள், சொல்லி அனுப்புங்கள். திருவிழாக் கமிட்டி என்றால் அவர்தான், தேர் வசூல் என்றால் அவர்தான், கல்லறை நிலம் என்றாலும் அவர்தான். நோட்டைக் கொண்டாங்கண்ணே, கணக்குப் பார்க்கலாம் என்றால், “நமக்குள்ள எதுக்குப்பா கணக்கு, ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்காரே” என்பார். எங்களுக்கு மன்னிக்கச் சொல்லிக்கொடுத்த அதே ஆண்டவர்தான் சக்கேயு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். சக்கேயு என்ன சொன்னான்? ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். அந்த நாலு மடங்கை மட்டும் பிரசங்கத்தில் விட்டுவிடுகிறார்களே, ஏன்?

சாதியும் அப்படித்தான். நம் தேவசகாயம் 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுடப்பட்டுச் செத்தார். 2022 மே 15இல் புனிதர் பட்டம். பட்டம் கொடுக்கும் முன்னால் ரோமாபுரி அவர் பேரிலிருந்து ‘பிள்ளை’யை எடுத்துவிட்டது. போப்பாண்டவர் எடுத்ததை நம் ஆட்கள் கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்! வடக்கன்குளம் கோயிலுக்குள் இருந்த சாதிச் சுவரை நூறு வருஷத்துக்கு முன்பே இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைப் பிரிக்கச் சுவர் நின்றது. எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு மோதல், துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர். ஒரே செபமாலை சொன்ன ஜனம்! இதையெல்லாம் நாங்கள் மன்னிக்கத் தயார். சுவரை யார் இடிப்பது?

அந்த உபதேசியார் கதைக்கு வருகிறேன். அவருக்கு ஒரே மகன். குவாரியில் வேலை. பாறை சரிந்து செத்துப்போனான். கூடச் செத்தவர்கள் இன்னும் சிலர். காரியம் முடிந்த ராத்திரி முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். மஞ்சள் கவரில் பணம். கூடவே ஸ்டாம்பு ஒட்டின பேப்பர். மற்ற வீட்டுக்காரர்கள் இவர் போடட்டும், அப்புறம் நாங்கள் போடுகிறோம் என்று காத்திருந்தார்கள். நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கவரைத் தொடவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அப்புறம் சொன்னார்: “உங்க முதலாளிய நான் மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லு. நெசமாத்தான் சொல்றேன். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன். கேஸு நடக்கட்டும்.”

நடந்தது. வாய்தா மேல் வாய்தா. சைக்கிளிலேயே போய் வந்தார். இழப்பீட்டுச் சட்டப்படி அவருக்கும் கிடைத்தது, அவரைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் இருந்த அத்தனை வீட்டுக்கும் கிடைத்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மகன் குழியில் மெழுகுதிரி ஏற்றி ஜெபம் சொல்லும்போது அந்த முதலாளி பேரையும் சேர்த்துத்தான் சொல்வார். நான் காதால் கேட்டிருக்கிறேன். அந்த மனுஷனுக்கு எந்த மேடையில் பொன்னாடை போட்டீர்கள்? கணக்குக் கொடுக்காதவருக்கு மாலை, இவருக்கு ஒரு நாற்காலி கிடையாது!

நாட்டின் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10. ஜனாதிபதி ஆணை, மூன்றாம் பத்தி. அதன்படி கிறிஸ்தவனான தலித் பட்டியல் சாதி கிடையாது. சீக்கியருக்கு 1956இல் திருத்தினார்கள், நல்லது. பௌத்தருக்கு 1990இல் திருத்தினார்கள், ரொம்ப நல்லது. நமக்கு? ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இல் கொடுக்கலாம் என்றது. வழக்கு 2004லிருந்து உச்ச நீதிமன்றத்தில். நம் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. கோயிலுக்குப் போகிற வழியில் சாதி நம்மை விட்டுவிட்டதா? செத்தால் சுடுகாட்டுப் பாதையில் விடுகிறானா? தீண்டாமைக்கு மட்டும் நாம் தலித், சலுகை என்று வந்தால் கிறிஸ்தவனா? எழுபத்தைந்து வருஷமாக இந்த நாட்டை மன்னித்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு நாளாவது கல் எறிந்திருக்கிறோமா? இனியும் எறிய மாட்டோம். மனுவை எடுத்துக்கொண்டு வருவோம்.

சாமியார் மணியைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன். இரண்டே விண்ணப்பம். ஒன்று, வருகிற திருவிழா முடிந்த எட்டாம் நாள், வரவு செலவை எழுதிக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். ஒட்டாத கமிட்டிக்கு அடுத்த வருஷம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இரண்டு, ஆகஸ்ட் 10ஆம் தேதி எந்த வேலை இருந்தாலும், எந்த ஷிப்டாக இருந்தாலும், கையில் கருப்புப் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். எதற்கு என்று யார் கேட்டாலும் மூன்றாம் பத்தியைச் சொல்லுங்கள். முன்வரிசை ஐயாவையும் கூப்பிடுங்கள், அவர் வருவார்.