கடைசி வாங்கிலிருந்து முதுகலை வரை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இங்கு ஆங்கிலப் பாடவேளை வந்தால் கடைசி வாங்கில் ஒளிந்தவள் நான். ஐம்பது வயதை நெருங்கும்போது ஆங்கிலத்தில் முதுகலைமாணிப் படிப்புக்காகப் பேராதனைப் பல்கலைக்கழகம் போனேன். வாரநாட்களில் படிப்பித்தல், சனி, ஞாயிறுகளில் கலஹா சந்தியில் பஸ்ஸால் இறங்கி விரிவுரைக்கு நடை. "இந்த வயதில் எதற்கு?" என்று வீட்டிலேயே கேட்டார்கள்.

நம் நாட்டு மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'கடுவ'. சிங்களத்தில் வாள் என்று பொருள். தெரியாதவரை வெட்டும் வாள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. முதல் மாதம் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

தைரியம் தந்தவர் கண்டியில் பிறந்த கவிஞர் ஜீன் அரசநாயகம். பேராதனைப் பட்டதாரி, ஆங்கில ஆசிரியை; ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவர். பறங்கியர் குடும்பத்தில் பிறந்து தமிழரை மணந்தவர். 1983 கலவரத்தில் அகதி முகாமில் இருந்த அனுபவத்தை ஆங்கிலத்திலேயே கவிதையாக்கினார். 2017ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு கிடைத்தபோது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. அந்த மொழி வெட்டுவதற்கு மட்டுமல்ல, நம் கதையைச் சொல்வதற்கும் உதவும் என்று அவரை வாசித்தே அறிந்தேன்.

பட்டம் பெற்றபின் என் வகுப்பில் ஒன்றை மாற்றினேன். பிள்ளை பிழையாகப் பேசினால் இடைமறிப்பதில்லை. சொல்லி முடித்த பிறகே திருத்துவேன். கடைசி வாங்கிலும் இப்போது கைகள் உயர்கின்றன.

எங்கிருந்தாலும், சகோதரிகளே, படிக்க விரும்பினால் வயதைப் பாராதீர்கள். படித்தவர்கள் மாதம் ஒரு மணித்தியாலம், தொலைபேசியிலாவது, நம் பிள்ளைகளுடன் ஆங்கிலம் பேசுங்கள்.